மெல்லிய தகட்டில் கிளிஞ்ச் நட்: துளை முதல் டார்க் (முறுக்கு விசை) வரை

1.6 மி.மீ. சிஆர் (குளிர்நிலையில் உருட்டிய எஃகு) தகட்டில் நேரடியாக எம்4 டேப் அடித்தால், அதாவது 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு மரை வெட்டினால், கிடைப்பது இரண்டேகால் சுற்று மரைதான். எம்4-இன் பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம், 0.7 மி.மீ. நாலைந்து தடவை கழற்றி மாட்டுவதற்குள் அந்த மரை வழுக்கத் தொடங்கிவிடும். நட்டை வெல்டு செய்தால் சூட்டில் தகடு நெளியும், மரைக்குள் ஸ்பாட்டர் தெறிக்கும், ஜிஐ தகடாக இருந்தால் துத்தநாகப் பூச்சு எரிந்து அந்த இடத்தில் துரு கிளம்பும். இந்த இரண்டு தொல்லைக்கும் மாற்றுதான் கிளிஞ்ச் நட், தகட்டின் துளையில் அழுத்தியே பதியவைக்கும் நட். பட்டறைகளில் பலர் இதைப் 'பெம் நட்' என்றே சொல்வார்கள். அது பென்சில்வேனியாவில் 1942-இல் தொடங்கிய பென் இன்ஜினியரிங் நிறுவனத்தின் வணிகப் பெயர். இப்போது பல நிறுவனங்கள் இதே அளவில் நட் செய்கின்றன. கீழே வரும் அளவுகள் அந்த வகையின் மெட்ரிக் நட்டுகளுக்கானவை. வேறு நிறுவனத்தின் நட்டை வாங்கினால் அவர்களுடைய அட்டவணையோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பேனல் போர்டு, யுபிஎஸ் உறை, சர்வர் பெட்டி, டெலிகாம் ரேக் போன்ற வேலைகளில் எம்3 முதல் எம்8 வரை வருவதை மனதில் வைத்து எழுதியது இது.

நட் எப்படித் தகட்டைப் பிடிக்கிறது

நட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் மூன்று பகுதி தெரியும். மேலே தலை. தலையின் அடியில் பல் பல்லாக வெட்டிய ஒரு வளையம். அதற்குக் கீழே துளைக்குள் போகும் குட்டைக் கழுத்து. கழுத்துக்கும் பல் வளையத்துக்கும் இடையில் உள்வாங்கிய பள்ளம் ஒன்று ஓடும்.

நட்டைத் துளையில் வைத்து அழுத்தும்போது பல் வளையம் தகட்டுக்குள் இறங்குகிறது. அது இடித்துத் தள்ளிய உலோகத்துக்குப் போக வேறு வழியில்லை, பக்கவாட்டில் நகர்ந்து அந்தப் பள்ளத்துக்குள் பாய்கிறது. சூடு எதுவும் இல்லை, எல்லாம் குளிர்நிலையிலேயே நடக்கிறது. பள்ளத்தில் நிறைந்த உலோகம் நட்டைப் பின்னால் கழன்று வராமல் பிடிக்கிறது. பற்கள் அது சுழலாமல் பிடிக்கின்றன.

பின்னால் வரப்போகும் பழுதுகள் எல்லாவற்றையும் இதிலிருந்தே ஊகித்துவிடலாம். தகடு நட்டை விட மென்மையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நகர்வது தகடு அல்ல, நட்டின் பல். துளை விளிம்பில் போதிய உலோகம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பள்ளம் நிறையாது. நட் சுற்றிலும் ஒரே சீராக இறங்க வேண்டும். பிரஸ்ஸின் டன் கணக்கு இதற்கெல்லாம் பிறகுதான். ஆனால் நட் கழன்று வந்துவிட்டது என்று புகார் வந்தால், முதலில் எல்லாரும் போய்த் திருகுவது பிரஸ்ஸின் பிரஷரைத்தான்.

எந்தத் தகட்டுக்கு எந்த நட்

கணக்கு ராக்வெல் பி என்ற கடின அளவில் பார்க்கப்படுகிறது. வெப்பப் பதம் ஏற்றித் துத்தநாகம் பூசிய சாதாரண ஸ்டீல் நட், அதாவது எஸ் வகை, தகட்டின் கடினம் 80-க்குள் இருந்தால் பிடிக்கும். நம் பட்டறைகளில் ஓடும் ஐஎஸ் 513 சிஆர் தகட்டின் டி, டிடி தரங்கள் சுமார் 65-க்குள் அடங்குவதால் இங்கே சிக்கல் இல்லை. ஜிஐ தகடும் அப்படித்தான். 300 வரிசை ஸ்டெயின்லெஸ் நட்டான சிஎல்எஸ் வகைக்கு வரம்பு 70. அலுமினிய நட்டான சிஎல்ஏ வகைக்கு 50. அதனால் 5052 போன்ற மென்மையான அலுமினியத்தில் சிஎல்ஏ நன்றாக உட்காரும், 6061-டி6 தகட்டில் தடுமாறும்.

அதிகமாக ஏமாறும் இடம் ஸ்டெயின்லெஸ் தகடு. '304 தகடு, 304 நட், ஒரே உலோகம், பொருந்தும்' என்று சிஎல்எஸ் நட்டை வாங்கி அழுத்துகிறார்கள். 304 தகடே பெரும்பாலும் 80-ஐத் தாண்டி இருக்கும். பஞ்ச் செய்யும்போது துளை விளிம்பு இன்னும் இறுகும். நட்டின் பற்கள் மழுங்கி, தகட்டின் மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கும். கையால் தட்டிப் பார்த்தால் பிடித்தது போலவே இருக்கும், ஸ்க்ரூ ஏற்றினால் சுழலும். ஸ்டெயின்லெஸ் தகட்டுக்கென்றே எஸ்பி என்ற வகை இருக்கிறது. கெட்டிப்படுத்திய ஏ286 உலோகத்தில் செய்தது, தகட்டின் கடினம் 90 வரை தாங்கும். விலை பல மடங்கு, ஆனால் வேறு வழி இல்லை.

சிஎல்எஸ், எஸ்பி இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். இரண்டும் காந்தத்தில் ஒட்டாத உலோகம் என்பதால் காந்தம் வைத்தும் பிரிக்க முடியாது. கலந்துவிட்டால் கலந்ததுதான். வந்த நாளிலேயே தனித்தனி நிற டப்பாவில் போட்டு, பாக எண்ணை மேலே ஒட்டிவிடுங்கள். எஸ் வகை ஸ்டீல் நட்டைக் காந்தம் காட்டிக் கொடுத்துவிடும்.

கழுத்து எண்: ஆர்டர் போடும் முன்

பாக எண்ணில் மரை அளவுக்குப் பின்னால் 0, 1, 2 என்று ஒரு எண் வரும். அதுதான் கழுத்து நீளத்தின் குறி. எம்3, எம்4, எம்5 நட்டுகளில் 0 என்றால் குறைந்தது 0.8 மி.மீ. தகடு, 1 என்றால் 1.0 மி.மீ., 2 என்றால் 1.4 மி.மீ. எம்6-க்குப் போனால் அதே எண்ணுக்குப் பொருள் மாறிவிடும். அங்கே 0 என்பது 1.2 மி.மீ., 1 என்பது 1.4 மி.மீ., 2 என்பது 2.3 மி.மீ. எம்4-க்கு 1 வாங்கினோமே, எம்6-க்கும் 1 போதும் என்று 1.2 மி.மீ. தகட்டுக்கு ஆர்டர் போட்டால் மொத்தப் பெட்டியும் வீண்.

கழுத்து தகட்டின் தடிமனை விட நீளமாக இருந்தால் என்ன ஆகும்? கீழே ஆன்விலில் (தகட்டைத் தாங்கும் பிரஸ்ஸின் கட்டையில்) முதலில் கழுத்து போய் முட்டும். பிரஸ் கொடுக்கும் விசை முழுவதும் கழுத்தை நசுக்கவே போகும், பல் வளையம் தகட்டில் இறங்காது. நட் ஆடும், மரையும் இறுகிப்போகும்.

இதில் இன்னொரு பொறி உண்டு. 1.0 மி.மீ. என்று பில் போட்டு வாங்கிய தகட்டை மைக்ரோமீட்டரில் பிடித்தால் 0.94 காட்டும். தயாரிப்பாளரின் அனுமதி வரம்புக்குள்தான் அது, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் எம்4-இல் 1 எண் கழுத்து 0.97 மி.மீ. வரை இருக்கலாம். எனவே 1.0 மி.மீ. தகட்டுக்கு 0 எண் நட்டை எடுப்பதுதான் பாதுகாப்பு. பிடிப்பு சற்றே குறையும், ஆனால் ஒவ்வொரு காயிலிலும் (தகட்டுச் சுருளிலும்) ஒரே மாதிரி உட்காரும். 1.2 தகட்டுக்கு எம்4-இல் 1, எம்6-இல் 0. 1.6, 2.0 தகடுகளுக்கு எம்4-இல் 2, எம்6-இல் 1. 1.2 தகட்டில் எம்6 போடும் முன் தகட்டை அளந்துவிடுங்கள், அங்கேயும் இடைவெளி மிகக் குறைவு.

துளை

நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இது. எஸ், சிஎல்எஸ், எஸ்பி வகைகளுக்கான துளை விட்டம்:

எம்3: 4.25 மி.மீ.
எம்4: 5.4 மி.மீ.
எம்5: 6.4 மி.மீ.
எம்6: 8.75 மி.மீ.
எம்8: 10.5 மி.மீ.

எல்லாவற்றுக்கும் அனுமதி வரம்பு கூட்டலில் 0.08 மி.மீ., கழித்தலில் பூஜ்யம். அதாவது எம்4 துளை 5.40-க்குக் கீழும் போகக்கூடாது, 5.48-ஐத் தாண்டவும் கூடாது. தகட்டு வேலையில் 0.1, 0.2 எல்லாம் கண்டுகொள்ளாமல் பழகிய கைக்கு இது கெடுபிடியாகத் தோன்றும். ஆனால் பற்கள் தள்ளும் உலோகத்தின் அளவே மிகச் சிறிது. துளை 0.15 மி.மீ. பெரிதானால் அந்த உலோகம் இடைவெளியை நிரப்புவதிலேயே தீர்ந்துவிடும், பள்ளத்துக்கு எதுவும் மிஞ்சாது. வெர்னியரை நம்ப வேண்டாம். 5.40, 5.48 என இரண்டு பின் கேஜ் வாங்கி வையுங்கள். முதலாவது போக வேண்டும், இரண்டாவது போகக்கூடாது.

டர்ரெட் பஞ்சில் துளை போட்டால் மேல் பக்கம் விளிம்பு உருண்டு, துளை இறுக்கமாக இருக்கும். கீழ்ப் பக்கம் உலோகம் பிய்ந்து வெளியேறுவதால் துளை சற்று அகன்று, பிசிறும் அங்கே நிற்கும். நட் உட்கார வேண்டியது பஞ்ச் இறங்கிய பக்கத்தில்தான். பெரும்பாலான உறைகளில் நட் உள்பக்கம் வரும், எனவே தகட்டின் உள்பக்கம் மேலே பார்க்கும்படி புரோகிராம் எழுத வேண்டும். முகப்பில் கீறல் விழக்கூடாது என்று நல்ல பக்கத்தை மேலே வைக்கும் வழக்கத்துக்கு இது நேர் எதிர். இரண்டில் ஒன்றை வடிவமைப்பு நிலையிலேயே முடிவு செய்து வரைபடத்தில் 'நட் பக்கம் = பஞ்ச் பக்கம்' என்று எழுதிவிட்டால் ஷாப் ஃபுளோரில் வாக்குவாதம் இருக்காது.

பஞ்ச் முனை மழுங்கினாலும் துளை மாறும். உருண்ட விளிம்பு பெரிதாகி, நேரான சுவர்ப் பகுதி குறைந்துவிடும். விட்டம் கேஜில் சரியாகவே காட்டும், நட் மட்டும் நிற்காது. ஆயிரக்கணக்கில் ஓடும் வேலையில் பஞ்சைத் தீட்டும் இடைவெளியை நட்டின் பிடிப்புச் சோதனையை வைத்து முடிவு செய்யுங்கள், பிசிறின் உயரத்தைப் பார்த்து அல்ல.

லேசரில் இரண்டு விஷயம். கதிர் துளைக்குள் நுழைந்து வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு சிறு முடிச்சோ பள்ளமோ நிற்கும். முடிச்சு இருந்தால் நட் சாய்ந்து உட்காரும், பள்ளம் இருந்தால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை. நுழைவு வளைவைச் சிறிதாக்கி, துளைகளுக்கு மட்டும் வேகத்தைக் குறைத்து வெட்டினால் இது பெரும்பாலும் சரியாகும். இரண்டாவது, கெர்ஃப் ஈடு, அதாவது கதிர் எரித்துவிடும் கீற்றின் அகலத்துக்காகப் புரோகிராமில் கொடுக்கும் ஈடு. தகட்டின் தடிமனோ வாயுவோ மாறினால் துளை அளவும் நகரும். ஒவ்வொரு தடிமனுக்கும் ஒரு சோதனைத் தகட்டில் பத்துத் துளை வெட்டி, இரண்டு பக்கமும் கேஜ் வைத்துப் பார்த்த பிறகே முழு நெஸ்டிங்கை (தகட்டில் அடுக்கிய எல்லாப் பாகங்களையும்) ஓட்டுங்கள்.

கை டிரில்லில் போடும் துளை மெல்லிய தகட்டில் வட்டமாக வராது, மூன்று மூலையாக இழுத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு பீஸ்தான், டிரில்தான் கதி என்றால் 0.2 மி.மீ. குறைத்துத் துளைத்து ரீமர் ஓட்டுங்கள்.

துளைத்த பிறகு பெரிய டிரில்லை வைத்து ஒரு சுற்றுச் சுற்றி விளிம்பை மழிப்பது பலருக்குக் கைப்பழக்கம். கிளிஞ்ச் துளையில் அதைச் செய்யவே கூடாது. பள்ளத்துக்குள் பாய வேண்டிய உலோகமே அந்த விளிம்புதான். பிசிறு தொந்தரவு செய்தால் தட்டையான எமரியால் மேலோட்டமாகத் தேய்க்கலாம், கவுண்டர்சிங்க் கிட்டவே வரக்கூடாது. டீபர்ரிங் ஆளுக்கு இதைத் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். அவர் நல்லெண்ணத்தில்தான் செய்வார்.

விளிம்பும் வளைவும்

துளையின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்புக்கு எம்3-க்கு 4.8 மி.மீ., எம்4-க்கு 6.9, எம்5-க்கு 7.1, எம்6-க்கு 8.6, எம்8-க்கு 9.7 குறைந்தபட்சம் வேண்டும். அதற்குள் போனால் விளிம்பு வெளியே புடைக்கும். உலோகம் பள்ளத்துக்குள் போகாமல் எளிய பக்கமான வெளிப்பக்கம் நழுவிவிடும். அடுத்தடுத்து இரண்டு நட் என்றால் இந்த விளிம்பு அளவோடு அடுத்த துளையின் பாதி விட்டத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். எம்4-க்கு 6.9 கூட்டல் 2.7, ஆக 9.6 மி.மீ.

நீண்ட பிளேன்ஜில் (மடித்த ஓரத்தில்) வரிசையாக நட் போட்டால், ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் உலோகத்தைத் தள்ளி, கடைசியில் பிளேன்ஜ் வில்லாக வளைந்து நிற்கும். விளிம்பை ஒட்டி வரிசை போடாமல் அகலத்தின் நடுவில் போட்டால் இது குறையும்.

வளைவுக்கு மிக அருகே துளை வந்தால் பெண்டிங்கின்போது அது முட்டை வடிவமாகிவிடும். அதே நேரம், பெண்டிங் முடித்த பிறகு நட் போட நினைத்தால் பிரஸ்ஸின் ஆன்வில் உள்ளே போக இடம் இருக்க வேண்டும். பொதுவாகத் தட்டையான தகட்டில் நட் போட்டுவிட்டு வளைப்பது வேகமான வழி. அப்போது பிரஸ் பிரேக்கின் டை மேல் நட்டின் தலை ஏறி உட்காராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எம்4 தலையின் உயரம் 2 மி.மீ.தான், எம்6-இல் 4 மி.மீ.க்கு மேல்.

அழுத்துதல்

சுத்தியால் அடிக்கக் கூடாது. ஒருபோதும். அடியில் நட் சாய்வாக இறங்கும், உலோகம் பாய நேரமும் கிடைக்காது. நிதானமான, இணையான அழுத்தம்தான் தேவை.

வரிசை இது. நட்டின் கழுத்தைத் துளைக்குள் விடுங்கள். தகட்டை லேசாக அசைத்து, கழுத்து முழுவதும் உள்ளே இருப்பதை உறுதி செய்யுங்கள். எதிர்ப்பக்கம் தட்டையான, கெட்டிப்படுத்திய ஆன்வில் இருக்கட்டும். பஞ்ச் நட்டின் தலையைத் தட்டையாகத் தொட்டு, தலையின் அடிப்பரப்பு தகட்டைச் சுற்றிலும் தொடும் வரை அழுத்துங்கள். தொட்டதும் நிறுத்துங்கள். பெரிய தகட்டை ஒருவர் தாங்கிப் பிடித்து மட்டமாக வைத்திருக்க வேண்டும். தொங்கும் தகடு நட்டைச் சாய்த்துவிடும், இதற்காகவே மேசையில் பால் கேஸ்டர் வைத்தவர்கள் உண்டு.

சிஆர் தகட்டில் எம்3-க்குச் சுமார் 11 முதல் 16 கிலோ நியூட்டன், எம்6-க்குச் சுமார் 27 முதல் 36 கிலோ நியூட்டன் என்று தொடங்கலாம். 10 கிலோ நியூட்டனை ஏறத்தாழ ஒரு டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியத்தில் கணிசமாகக் குறைவு. உங்கள் ஹைட்ராலிக் பிரஸ்ஸின் கேஜ் காட்டுவது பார் அளவு, விசை அல்ல. சிலிண்டரின் உள்விட்டம் 50 மி.மீ. என்றால் பிஸ்டன் பரப்பு 1963 சதுர மி.மீ. 100 பாரில் 19.6 கிலோ நியூட்டன் வரும். எம்3-க்கு 13 வேண்டுமென்றால் கேஜில் 66 பார், எம்6-க்கு 30 என்றால் 153 பார். இந்தக் கணக்கை உங்கள் சிலிண்டருக்குப் போட்டு ஒரு சிறு அட்டவணையாகப் பிரஸ்ஸின் மேலேயே ஒட்டிவிட்டால் போதும்.

எப்போதும் கீழிருந்து மேலே போங்கள். அதே தகட்டின் துண்டில் குறைந்த விசையில் தொடங்கி, ஒவ்வொரு நட்டுக்கும் 5 பார் கூட்டி, தலை தகட்டை முழுவதும் தொடும் அளவைக் கண்டுபிடியுங்கள். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு பாரும் கெடுதல்தான். தலை நசுங்கும், மரை இறுகும், நட்டைச் சுற்றித் தகடு குழியும், மறுபக்கம் வட்ட வீக்கம் தெரியும். பவுடர் கோட்டிங்குக்குப் பிறகு அந்த வீக்கம் வெளிச்சத்தில் இன்னும் நன்றாகவே தெரியும்.

மெக்கானிக்கல் பவர் பிரஸ்ஸில் இதைச் செய்யப் பார்ப்பவர்களும் உண்டு. அதில் ஸ்ட்ரோக்கின் நீளம் நிலையானது. தகடு 0.08 மி.மீ. தடித்தால் நசுக்கும், மெலிந்தால் அரைகுறையாக விடும். விசையைக் கட்டுப்படுத்தும் ஹைட்ராலிக் அல்லது ஏர்-ஹைட்ராலிக் பிரஸ் தகட்டின் ஏற்ற இறக்கத்தைத் தானே சமாளித்துக்கொள்ளும்.

சி வடிவ பிரஸ் சுமையில் வாய் பிளக்கும். சும்மா இருக்கும்போது இணையாகத் தெரியும் பஞ்சும் ஆன்விலும், அழுத்தும்போது சாய்ந்துவிடும். பஞ்சின் ஓரத்தில் மூன்று இடத்தில் சால்டர் கம்பித் துண்டு வைத்து அழுத்தி, நசுங்கிய தடிமனை மைக்ரோமீட்டரில் பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். நட் எப்போதும் ஒரே பக்கம் தூக்கி நின்றால் குற்றம் நட்டில் இல்லை, இங்கேதான்.

விரல் பற்றி ஒரு வார்த்தை. நட்டை விரலால் பிடித்தபடி பெடலை மிதிக்கும் பழக்கம் சிறு பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. நட்டை ஆன்விலின் குழியில் நிறுத்தி, துளையை மேலிருந்து அதன் மேல் பொருத்தினால் கை தள்ளியே இருக்கும். எஸ் வகை நட்டுக்கு அந்த முறை நன்றாகவே பொருந்தும்.

சரிபார்ப்பது எப்படி

முதல் பீஸில் நாலு சோதனை. தலைக்கும் தகட்டுக்கும் இடையில் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் எந்தப் பக்கமும் நுழையக் கூடாது. எதிர்ப்பக்கம் கழுத்து தகட்டின் மட்டத்தோடு அல்லது சற்று உள்ளே இருக்க வேண்டும். மரை கேஜ் கையாலேயே முழுவதும் ஏற வேண்டும். கடைசியாக, ஒரு நட்டைப் பலி கொடுத்துத் தள்ளிப் பாருங்கள். தகட்டைத் தாங்கி, கழுத்துப் பக்கமிருந்து ஒரு கம்பியால் அழுத்தி நட்டை வெளியே தள்ளும் விசையை அளப்பது. சிறிய நட்டுகளில் இந்த எண் சில நூறு நியூட்டன்தான் இருக்கும், பார்த்ததும் பயம் வரும். பயப்பட வேண்டாம். இந்தப் பிடிப்பின் வேலை, ஸ்க்ரூ மாட்டும் வரை நட்டை இடத்தில் வைத்திருப்பது. வேலை செய்யும்போது சுமை வேறு வழியாகப் போகிறது.

சுழற்சிச் சோதனையும் அதே துண்டில் செய்துவிடலாம். நட்டில் ஒரு போல்ட்டைத் தலைப் பக்கமாக விட்டு, லாக் நட்டால் இறுக்கி, டார்க் ரெஞ்சால் திருப்பி, எந்த அளவில் நட் சுழல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளியே வந்த நட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் பள்ளத்தில் தகட்டின் உலோகம் சுற்றிலும் ஒட்டியிருந்தால் துளை சரி. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் சாய்வு. எங்கும் இல்லாவிட்டால் துளை பெரிது, அல்லது தகடு கடினம். எந்த அட்டவணையை விடவும் அந்தப் பள்ளம் உண்மை சொல்லும்.

ஸ்க்ரூ எந்தப் பக்கமிருந்து

ஸ்க்ரூ நட்டின் தலைக்கு எதிர்ப்பக்கமிருந்து வர வேண்டும். மாட்டப்படும் பாகமும் அந்தப் பக்கமே. அப்போது இறுக்க இறுக்க நட்டின் தலை தகட்டின் மேல் அமர்ந்து இழுபடும், கிளிஞ்ச் பிடிப்புக்குச் சுமையே இல்லை. மாற்றிப் போட்டால், அதாவது பாகத்தைத் தலைப் பக்கம் வைத்தால், ஸ்க்ரூ ஒரு ஜாக்கியாக மாறி நட்டைத் துளையிலிருந்து பிடுங்கும். மேலே சொன்ன சில நூறு நியூட்டன்தான் அப்போது உங்கள் முழு பலம்.

மாட்டும் பாகத்தின் துளையும் அளவாக இருக்கட்டும். எம்4-க்கு 4.5 போதும். சரிசெய்துகொள்ளலாம் என்று 7 மி.மீ. துளை போட்டால் நட்டின் கழுத்துக்கு எதிரே தாங்கல் இல்லாமல், நட் அந்தத் துளைக்குள்ளேயே இழுபடும்.

8.8 தர எம்4 ஸ்க்ரூவுக்கு சுமார் 3 நியூட்டன் மீட்டர், எம்6-க்குச் சுமார் 10 என்பது வழக்கமான இறுக்கம். மெல்லிய தகட்டில் இதற்கும் கீழேயே நிற்கலாம். ஏர் இம்பாக்ட் கன்னைக் கிட்டவே கொண்டுவர வேண்டாம்.

பூச்சு வேலை

பவுடர் கோட்டிங்குக்கு முன்பே நட் போடுங்கள். பூசிய பிறகு போட்டால் தலையின் அடியில் பூச்சு நசுங்கி விரிசல் விடும், நாளடைவில் இறுக்கமும் தளரும். மரைக்குள் பவுடர் போகாமல் சிலிகான் பிளக் செருக வேண்டும். மறந்தால் ஒவ்வொரு நட்டிலும் டேப் ஓட்ட வேண்டிவரும், அப்படி ஓட்டும்போது துத்தநாகப் பூச்சும் போகும். பூச்சு அடைத்த மரையில் ஸ்க்ரூ சிக்கினால் டார்க் முழுவதும் நட்டைச் சுழற்றவே போகும். ஃபீல்டிலிருந்து வரும் 'நட் லூஸ்' புகார்களில் கணிசமானவை உண்மையில் மாஸ்கிங் (மரையைச் சரியாக மூடாத) புகார்கள்.

கோட்டிங் கடையின் ஏழு தொட்டி வரிசையில் துரு நீக்கும் அமிலத் தொட்டி ஒன்று வரும். அது தகட்டின் துருவோடு நட்டின் துத்தநாகத்தையும் கரைத்துவிடும். பிறகு மரை பழுப்பாகி நிற்கும்போது நட் சப்ளையரிடம் சண்டை. தகட்டில் துரு இல்லையென்றால் அந்தத் தொட்டியைத் தவிர்க்கச் சொல்லி ஜாப் கார்டிலேயே எழுதுங்கள்.

நட் பொருத்திய பாகத்தை முழுதாகத் துத்தநாக முலாம் போடக் கொடுப்பதும் நல்லதல்ல. தலைக்கும் தகட்டுக்கும் இடையில் திரவம் தேங்கி, வாரங்கள் கழித்து வெள்ளையாகக் கசியும். பதம் ஏற்றிய நட் ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும் அபாயமும் உண்டு. அலுமினியத்தில் ஸ்டீல் நட் என்றால் அனோடைசிங்கை முதலில் முடித்துவிட்டு நட்டைப் பிறகு போடுங்கள், வரிசை தலைகீழ்.

நட் போய்விட்டால்

சுழலும் நட்டின் ஓரத்தில் ஒரு டேக் வெல்டு வைத்துவிட்டால் போதும் என்று தோன்றும். துத்தநாகப் புகை மூச்சுக்குக் கேடு, பதம் ஏற்றிய நட் அந்தச் சூட்டில் விரிசல் விடலாம், மரையும் கோணும்.

அதே துளையில் புதிய நட்டை அழுத்துவதும் பயனில்லை, விளிம்பு உலோகம் ஏற்கெனவே நகர்ந்துவிட்டது. பழைய நட்டைக் கழுத்துப் பக்கமிருந்து தள்ளி எடுத்துவிட்டு, விளிம்பு தூரமும் ஸ்க்ரூவும் இடம் கொடுத்தால் துளையை 6.4-ஆக ரீம் செய்து எம்5-க்கு மாறலாம். எம்4-ஆகவே இருந்தாக வேண்டும் என்றால் 6 மி.மீ.க்குத் திறந்து எம்4 ரிவெட் நட் போடுங்கள். கூட்டி முடித்த பெட்டியில் கிளிஞ்ச் பிரஸ் நுழையாது, ரிவெட் நட்டுக்கு ஒரு பக்கம் கை எட்டினால் போதும். அதன் விளிம்பு தகட்டின் மேல் சற்றுத் தூக்கி நிற்பதால் அதன் மேல் மாட்டும் பாகம் மட்டமாக உட்காராது. அந்த அளவு ஷிம் வாஷர் ஒன்றையும் சேர்த்தே எடுத்து வையுங்கள்.